பள்ளியில் போர் நாவல்: சொல்பவன் யார் என்று முதலில் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பதினொன்றாம் வகுப்பு வரை படிக்கும் நம் பிள்ளைகளுக்கு, ஆங்கில வகுப்பில் ஏன் இத்தனை போர் நாவல்களும் வீட்டுக்கு அடங்காத பையன்களின் கதைகளும் கொடுக்கப்படுகின்றன என்று வாசகர் ஒருவர் உங்கள் இதழில் வருத்தப்பட்டிருந்தார். இவற்றைப் படித்துப் பிள்ளைகள் என்ன நல்லதைக் கற்றுக்கொள்வார்கள் என்பது அவர் கேள்வி. பெற்றோர் கூட்டங்களிலும் இதே கேள்வி வருகிறது. இந்த நாவல்களை வகுப்பில் நடத்துகிறவர்கள் என்ற முறையில் நாங்கள் இருவர் இதற்குப் பதில் எழுதுகிறோம். கடிதம் கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

‘போர் கொடியது’ என்று தெரிந்துகொள்ள முந்நூறு பக்க நாவல் தேவையில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கே அது தெரியும். ஒருவன் தனக்கு நடந்ததைச் சொல்லும்போது எதைச் சொல்கிறான், எதை விழுங்குகிறான், எதைச் சொல்ல வாய் வராமல் வேறொன்றைப் பேசுகிறான் என்று கவனிக்கப் பழகுவதற்காகவே இந்தப் புத்தகங்கள். ஆகவே எந்த நாவலை எடுத்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: இதைச் சொல்வது யார், எந்த வயதில், எங்கே இருந்துகொண்டு? இதை விட்டுவிட்டுக் கருப்பொருள், குறியீடு என்று நேரே தாவுகிற வகுப்பில் பிள்ளைகள் மனப்பாடம்தான் செய்வார்கள்.

முதல் உலகப் போரைப் பற்றி எரிக் மரியா ரெமார்க் எழுதிய ‘ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரண்ட்’ நாவலையே எடுத்துக்கொள்வோம். 1928-இல் ஜெர்மன் நாளிதழில் தொடராக வந்து, 1929 ஜனவரியில் புத்தகமானது. ரெமார்க் பதினெட்டு வயதில் கட்டாய ராணுவத்துக்கு அழைக்கப்பட்டு, 1917-இல் காயம்பட்டவர். கதையைச் சொல்லும் ஜெர்மன் சிப்பாய் பால் பாய்மருக்குப் பத்தொன்பது, இருபது வயது. முதல் அத்தியாயம் சண்டையில் தொடங்கவில்லை, சாப்பாட்டில் தொடங்குகிறது. மாட்டிறைச்சியும் பீன்ஸும் வயிறு நிறையத் தின்றுவிட்டுப் பையன்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். ரொட்டி, சாஸேஜ், புகையிலை எல்லாமே இரண்டு பங்கு. ஏன் இரண்டு பங்கு? சமையல்காரர் 150 பேருக்குச் சமைத்திருக்கிறார், போர்முனையிலிருந்து திரும்பி வந்தவர்கள் 80 பேர். மீதிச் சோற்றைப் போட மாட்டேன் என்று அவர் அடம்பிடிக்க, படைப்பிரிவின் அதிகாரி வந்து உத்தரவு போட வேண்டியிருக்கிறது.

இந்த நாலைந்து பக்கத்தில் ஒரு முழு வகுப்பு நேரத்தைச் செலவிட வேண்டும். 150-இல் 80 போனால் 70. அந்த எழுபது பேரைப் பற்றிப் பால் அங்கே நின்று அழவில்லை. தட்டில் விழுந்த கூடுதல் கரண்டியைப் பற்றித்தான் மகிழ்ச்சியாகப் பேசுகிறான். ‘இவனுக்கு மனசாட்சி இல்லை’ என்று வகுப்பில் ஒரு பிள்ளை கட்டாயம் சொல்லும். அங்கேதான் பாடம் ஆரம்பம். உடனே மறுக்காமல், பால் எந்தச் சொற்களால் சந்தோஷப்படுகிறான் என்று பென்சிலால் கோடு போடச் சொல்ல வேண்டும். அதன் பிறகு, இறந்தவர்களைக் குறிக்கும் சொற்கள் எத்தனை என்று எண்ணச் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தாங்களே பார்த்த பிள்ளைகள், இரண்டு வாரம் கழித்து வரும் பெரிய சண்டைக் காட்சிகளை வேறு கண்ணோடு படிப்பார்கள்.

அடுத்தது பூட்ஸ். கெம்மரிச் என்ற நண்பனுக்குக் கால் வெட்டப்பட்டிருக்கிறது. அவனுடைய உயர்ந்த தோல் பூட்ஸை யார் எடுத்துக்கொள்வது என்ற பேச்சு அவன் கட்டிலருகிலேயே நடக்கிறது. அவன் இறந்ததும் அது ம்யுல்லருக்குப் போகிறது. ம்யுல்லர் இறந்ததும் பாலுக்கு வருகிறது. பால் தனக்குப் பின் டியாடனுக்கு என்று வாக்குக் கொடுத்து வைத்திருக்கிறான். மாணவர் கட்டுரைகளில் பெரும்பாலும் ‘பூட்ஸ் மரணத்தின் குறியீடு’ என்று ஒரு வரி வரும், அதோடு நின்றுவிடும். அப்படி எழுதுவதில் தப்பு இல்லை. ஆனால் அதற்கு மேல் சிந்தனை நகராது. ‘பூட்ஸைப் பற்றிப் பேசும்போது பையன்கள் துக்கத்தைத் தொடாமல் அளவையும் தோலின் தரத்தையும் பேசுகிறார்கள். துக்கப்பட அவகாசம் இல்லாத இடத்தில் மனம் கையில் பிடிக்கக்கூடிய பொருளைப் பற்றிக்கொள்கிறது’ என்று ஒரு மாணவி எழுதினால் அது வாதம். அதற்கு எதிர்வாதம் வைக்க முடியும், பக்கத்தைத் திறந்து சரிபார்க்கவும் முடியும். முதல் வகை வரியை அப்படிச் சோதிக்க முடியாது.

பிள்ளைகள் அதிகம் வழுக்கி விழும் இடம் ஒன்பதாம் அத்தியாயம். குண்டு விழுந்த பள்ளத்துக்குள் சரிந்து வரும் பிரெஞ்சுச் சிப்பாயைப் பால் கத்தியால் குத்திவிடுகிறான். அவன் மெல்ல மெல்லச் சாகும்வரை கூடவே கிடக்க வேண்டிய நிலை. அவன் பையில் இருக்கும் காகிதங்களிலிருந்து பெயர் ஜெரார் டுவால், தொழில் அச்சுக்கூட வேலை என்று தெரிகிறது. மனைவி, மகள் படங்களும் இருக்கின்றன. இனி இப்படி நடக்க விட மாட்டேன் என்று பால் சத்தியம் செய்கிறான். மாணவர்கள் இந்தச் சத்தியத்தை மேற்கோள் காட்டி, ‘எதிரியும் மனிதன் என்பதே நாவலின் செய்தி’ என்று முடித்துவிடுவார்கள். ஆனால் அத்தியாயம் அங்கே முடியவில்லை. பால் தன் குழுவிடம் திரும்பிய மறுநாள், குறிபார்த்துச் சுடும் ஒருவன் தான் வீழ்த்தியவர்களைக் கணக்கு வைப்பதை நண்பர்கள் அவனுக்குக் காட்டுகிறார்கள். போர் என்றால் போர்தானே என்று பாலே தனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்கிறான். சத்தியம் ஒரு நாள்கூட நிற்கவில்லை. அந்தக் கடைசிப் பக்கத்தோடு சேர்த்துப் படித்தால்தான் சத்தியத்தின் கனம் தெரியும். மேற்கோள் எடுக்கும் எந்தப் பிள்ளையும் அந்த இடத்துக்குப் பின்னால் இரண்டு பக்கமாவது படித்துவிட்டு எடுக்க வேண்டும் என்று விதி வைப்பது நல்லது.

நாவலின் கடைசிப் பகுதியில் ‘நான்’ என்ற குரல் நின்றுபோகிறது. 1918 அக்டோபரில் அவன் விழுந்தான் என்று வேறு யாரோ சொல்கிறார்கள். அதுவரை நிகழ்காலத்திலேயே பேசி வந்தவனுக்குத் தன் முடிவைச் சொல்ல வாய்ப்பே இல்லை. சொல்பவன் யார் என்று முதல் நாளிலிருந்து கேட்டுவந்த பிள்ளைக்கு இந்த மாற்றம் நெஞ்சில் இடிக்கும். கேட்காத பிள்ளை, ‘கடைசியில் ஹீரோ செத்துவிடுகிறான்’ என்று குறிப்பெழுதிவிட்டுப் போகும்.

கால அட்டவணையைப் பற்றியும் சொல்ல வேண்டும். புத்தகம் சுமார் 300 பக்கம், 12 அத்தியாயம், பள்ளிகள் ஒதுக்குவது பொதுவாக நான்கு வாரம். ‘நாளுக்கு ஓர் அத்தியாயம்’ என்று பிரித்தால் திட்டம் உடையும். ஏனென்றால் ஆறாவதும் ஏழாவதும் மிக நீளம், பன்னிரண்டாவது ஓரிரு பக்கம்தான். நாளுக்கு 18 முதல் 20 பக்கம் என்று பிரித்து, ஆறு, ஏழு அத்தியாயங்களை மும்மூன்று பகுதிகளாக வெட்டிக்கொள்வது சரியாக வரும். ஏழாவதில் பால் விடுப்பில் வீட்டுக்குப் போகிறான், நோயாளித் தாயிடம் எதையும் சொல்ல முடியாமல் தவிக்கிறான். சண்டை இல்லாததால் பிள்ளைகள் அதைத் தாண்டிக் குதிக்கப் பார்ப்பார்கள். எங்களைக் கேட்டால் புத்தகத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

படிக்காமல் படம் மட்டும் பார்த்துவிட்டு எழுதுகிறவர்களும் உண்டு. 2022-இல் வந்த ஜெர்மன் படத்தில் இந்த விடுப்புப் பகுதியே கிடையாது. நாவலில் இல்லாத போர்நிறுத்தப் பேச்சுவார்த்தை அதில் உண்டு. பாலின் சாவும் அக்டோபரில் அல்ல, நவம்பர் 11 அன்று போர் ஓய்கிற நேரத்தில் நடக்கிறது. ஆகவே கட்டுரையில் படத்தில் வரும் அந்த ரயில்பெட்டிப் பேச்சுவார்த்தை வந்தாலே ஆசிரியருக்கு விளங்கிவிடும். படம் பார்ப்பது பாவமல்ல. புத்தகத்தை முடித்த பிறகு பார்த்து, இயக்குநர் எதை நீக்கினார், ஏன் நீக்கினார் என்று எழுதச் சொன்னால் அருமையான பயிற்சி.

இப்போது ‘வீட்டுக்கு அடங்காத பையன்’ பக்கம் வருவோம். ஜே. டி. சாலிஞ்சரின் ‘தி கேட்சர் இன் தி ரை’ 1951-இல் வந்தது. அதில் ஒரு குண்டுகூட வெடிப்பதில்லை. ஆனால் எழுதியவர் இரண்டாம் உலகப் போரில் 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியின் யூட்டா கடற்கரையில் இறங்கிய சிப்பாய். கதையைச் சொல்லும் ஹோல்டனின் அண்ணன் டி.பி. நான்கு வருடம் ராணுவத்தில் இருந்தவன், அதே ஜூன் தரையிறக்கத்தில் பங்கெடுத்தவன். பதினெட்டாம் அத்தியாயத்தில் ஹோல்டன் அதைச் சொல்லி, ராணுவத்தில் இருக்க வேண்டி வந்தால் தனக்குப் பைத்தியமே பிடித்துவிடும் என்கிறான். போர் நாவலும் வளரிளம் பருவ நாவலும் வெவ்வேறு அலமாரியில் இருக்க வேண்டியவை அல்ல என்பதற்கு இந்த ஒரு பக்கம் போதும். இரண்டையும் ஒரே பருவத்தில் அடுத்தடுத்து நடத்தினால் பிள்ளைகளே முடிச்சுப் போடுவார்கள்.

ஹோல்டனுக்கு நடந்தபோது வயது பதினாறு, சொல்லும்போது பதினேழு. டிசம்பரில் சில நாட்கள் நடந்ததை, கலிஃபோர்னியாவில் சிகிச்சைக்காகத் தங்கியிருந்துகொண்டு சொல்கிறான். இதைப் பிடிக்காத வகுப்பு, ‘சோம்பேறி, வாயாடி, பணக்கார வீட்டுப் பிள்ளை’ என்று தீர்ப்பெழுதி முடித்துவிடும். இன்னொரு வகுப்பு உடனே மருத்துவராகி நோயின் பெயரைச் சொல்லும். இரண்டுமே படிப்பதை நிறுத்திவிடுகிற வழிகள். நல்ல பலன் தரும் பயிற்சி இது: இரண்டு நிறப் பென்சில் எடுத்துக்கொள்ள வேண்டும். தனக்கு ஒன்றும் இல்லை, கவலையில்லை என்று ஹோல்டன் சொல்லுமிடத்தில் ஒரு நிறம். அவன் உடம்பு ஏதாவது செய்யுமிடத்தில், அழுகை, நடுக்கம், கை வலி போன்றவை வருமிடத்தில், மற்ற நிறம். ஐந்தாம் அத்தியாயத்தில், அறைத்தோழனுக்காக ஏதாவது ஓர் அறையையோ வீட்டையோ வர்ணித்து எழுதிக்கொடுக்க வேண்டிய கட்டுரைக்கு, ரத்தப் புற்றுநோயில் இறந்த தம்பி ஆலியின் பேஸ்பால் கையுறையைப் பற்றி எழுதுகிறான் அவன். அதில் ஆலி பச்சை மையால் கவிதைகள் எழுதி வைத்திருந்தான். தம்பி இறந்த இரவு காரேஜ் கண்ணாடிகளை எல்லாம் கையால் உடைத்ததை அப்படியே போகிற போக்கில் சொல்லிவிட்டு ஹோல்டன் வேறு பேச்சுக்குப் போய்விடுகிறான். அந்த இரண்டு பக்கத்தில் இரண்டு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதைப் பார்த்த பிள்ளை, பிறகு அவனைச் சோம்பேறி என்று சொல்வதில்லை.

ஜான் நோல்ஸின் ‘எ செபரேட் பீஸ்’ நாவலில், 1942 கோடையில் பள்ளி மரக்கிளையில் இரண்டு நண்பர்கள் நிற்கிறார்கள். ஜீன் முழங்காலை மடக்குகிறான், கிளை ஆடுகிறது, ஃபின்னி விழுந்து காலை உடைத்துக்கொள்கிறான். வேண்டுமென்றே செய்தானா? இதற்கு வகுப்பில் நீதிமன்றம் நடத்துவது பல பள்ளிகளில் வழக்கம். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் அதில் ஒரு பிசகு இருக்கிறது. நாவலுக்குள்ளேயே பதினொன்றாம் அத்தியாயத்தில் மாணவர்கள் அப்படியொரு விசாரணை நடத்துகிறார்கள், அந்த இரவே ஃபின்னி இரண்டாம் முறை விழுகிறான். குற்றவாளியா இல்லையா என்று வாக்கெடுப்பு நடத்தும் வகுப்பு, நாவல் எச்சரித்த அதே செயலைச் செய்கிறது. விசாரணை வேண்டுமென்றால், நமக்குக் கிடைத்திருக்கும் முக்கியச் சாட்சி கதைசொல்லியான ஜீன் ஒருவனே, அதுவும் பதினைந்து வருடம் கழித்துச் சொல்கிறான், அந்தச் சாட்சியம் எவ்வளவு நம்பத்தக்கது என்பதை விசாரிக்கட்டும்.

ஸ்டீஃபன் கிரேனின் ‘தி ரெட் பேட்ஜ் ஆஃப் கரேஜ்’ பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அது பேசும் அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தது, கிரேன் பிறந்ததே 1871-இல். போர்க்களம் பார்க்காமலே எழுதி 1895-இல் புத்தகமாக வெளியிட்டார். பிள்ளைகளுக்கு இதில் சிக்கல், பாத்திரங்கள் பெரும்பாலும் பெயரில்லாமல் ‘இளைஞன்’, ‘உயரமான சிப்பாய்’, ‘சத்தக்காரச் சிப்பாய்’ என்று வருவது. ஹென்றி ஃப்ளெமிங், ஜிம் காங்க்லின், வில்சன் என்று மூன்று வரிச் சீட்டு எழுதிப் புத்தகத்தில் ஒட்டிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். தலைப்பில் சொல்லும் வீரக் காயம், ஓடிவரும் சக சிப்பாய் ஒருவனின் துப்பாக்கிக் கட்டையால் விழுந்த அடி என்பதை மட்டும் யாரும் தவறவிடக் கூடாது.

டிம் ஓ’பிரையனின் ‘தி திங்ஸ் தே கேரிட்’, 1990, வியட்நாம் போரைப் பற்றியது. முதல் கதை ஓர் எடைப் பட்டியல். இரும்புத் தொப்பி 5 பவுண்டு, ரேடியோ பேட்டரியோடு 26 பவுண்டு, எம்-60 இயந்திரத் துப்பாக்கி குண்டு இல்லாமல் 23 பவுண்டு, லெஃப்டினன்ட் கிராஸ் சுமக்கும் காதல் கடிதங்கள் 10 அவுன்ஸ். பிறகு எடை இல்லாதவை வரத் தொடங்குகின்றன: பயம், வெட்கம், நினைவு. மாணவர்கள் தங்கள் பள்ளிப் பையில் உள்ளதை எடைபோட்டு எழுதும் பயிற்சி பிரபலம். லேப்டாப், தண்ணீர் பாட்டில் என்று விளையாட்டாகவே முடிந்துவிடும். குறைந்தது மூன்று வரி தராசில் நிறுக்க முடியாதவையாக இருக்க வேண்டும், அவை பட்டியலின் கடைசியில் வரக் கூடாது என்று சொல்லிப் பாருங்கள், எழுத்தே மாறிவிடும். இன்னொன்று, கதைசொல்லியின் பெயரும் டிம் ஓ’பிரையன்தான். ஆனால் முகப்பிலேயே இது புனைவு என்று அச்சிடப்பட்டிருக்கிறது. ‘ஆசிரியர் ஒருவரைக் கொன்றார்’ என்று எழுதும் மாணவனை அந்தப் பக்கத்துக்கு அழைத்துப் போக வேண்டும்.

கர்ட் வானகட்டின் ‘ஸ்லாட்டர்ஹவுஸ் ஃபைவ்’ நடத்தும்போது, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நகரமான டிரெஸ்டன் மீது நடந்த குண்டுவீச்சில் இறந்தவர்கள் 1,35,000 என்று புத்தகத்தில் வரும் எண்ணை அப்படியே வரலாறாக எழுத விடக் கூடாது. அது 1969-இல் புழங்கிய கணக்கு. வரலாற்றாசிரியர்கள் இன்று சொல்வது சுமார் 25,000 வரை. எண் குறைந்ததால் நாவலின் துயரம் குறைவதில்லை. ஆனால் நாவலை ஆதாரமாகக் காட்டி வரலாறு எழுதக் கூடாது என்று கற்றுக்கொள்ள நல்ல இடம் அது.

கட்டுரை எழுதுவதில் பிள்ளைகள் மதிப்பெண் இழப்பது மொழியால் அல்ல, கதைச் சுருக்கத்தால். உயர்நிலைப் பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் எழுதும் ஏ.பி. ஆங்கில இலக்கியத் தேர்வின் எழுத்துப் பகுதியில் இரண்டு மணி நேரத்தில் மூன்று கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் 6 புள்ளி. வாதத்துக்கு 1, சான்றுக்கும் விளக்கத்துக்கும் 4, ஆழத்துக்கு 1. மூன்றாவது கட்டுரைக்கு மாணவரே நாவலைத் தேர்ந்தெடுக்கலாம். பொதுவாகக் கதையைச் சொல்லிவிட்டு விளக்காமல் விட்டால் அந்த நான்கில் ஒன்றுதான் கிடைக்கும். எளிய சோதனை: எழுதிய பத்தியில் கதையைத் தெரிந்தவருக்குப் புதிதாக ஏதாவது இருக்கிறதா? இல்லையென்றால் அது சுருக்கம். மேற்கோள் ஒரு வரியைத் தாண்ட வேண்டாம், அதற்கு விளக்கம் குறைந்தது இரண்டு பங்காவது இருக்கட்டும். ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் பக்க எண்ணோடு வரி, வலப்பக்கம் ‘இவன் ஏன் இங்கே இதைச் சொல்கிறான்’ என்ற கேள்வி, நாளுக்கு இரண்டு என்று எழுதி வந்தால் நான்கு வாரத்தில் கட்டுரைக்கான சரக்கு தானாகச் சேர்ந்துவிடும். இணையத்தில் கிடைக்கும் சுருக்கங்களில் இந்த வலப்பக்கம் இருப்பதில்லை.

பெற்றோருக்கு. ‘எத்தனை பக்கம் முடித்தாய்’ என்று கேட்பதை விட, ‘இன்று அவன் எதைச் சொல்லாமல் விட்டான்’ என்று கேளுங்கள். நீங்கள் அந்த ஆங்கில நாவலைப் படித்திருக்க வேண்டியதில்லை. தமிழில் ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ இருக்கிறது. 1972-இல் வெளிவந்த அது, ஜப்பானியர் ஆட்சிக்கால மேடானிலும் பினாங்கிலும் அலையும் தமிழ் இளைஞன் ஒருவனின் கதை. ஜீனும் ஃபின்னியும் மரமேறிய அதே 1940-கள். அதைப் படித்த ஒரு தகப்பன் சாப்பாட்டு மேசையில் பேசினால், பிள்ளைக்கு எந்த டியூஷனும் தராத துணை அது. புத்தகத்தில் உள்ள கெட்ட வார்த்தைகளோ காட்சிகளோ ஏற்கவே முடியாதவை என்று தோன்றினால், பருவம் தொடங்கும்போதே ஆசிரியருக்கு எழுதுங்கள். பல பள்ளிகளில் மாற்று நூல் கேட்க வழி உண்டு. நடுவில் நிறுத்தினால் பிள்ளை வகுப்பில் தனித்துப்போகும்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள், குறிப்பாக டொராண்டோ, நியூ ஜெர்சி போன்ற இடங்களில் கற்பிப்பவர்களிடம். ஈழத்திலிருந்து போரால் வந்த குடும்பத்துப் பிள்ளை வகுப்பில் இருக்கலாம். வீட்டில் எது பேசப்படுகிறது, எது பேசப்படுவதில்லை என்று உங்களுக்குத் தெரியாது. ‘உன் குடும்ப அனுபவத்தைச் சொல்லேன்’ என்று எல்லார் முன்னிலும் கேட்காதீர்கள். எந்த அத்தியாயத்தில் என்ன வருகிறது என்று ஒரு வாரம் முன்பே வகுப்பு முழுவதற்கும் பொதுவாகச் சொல்லிவிடுங்கள். எழுத விரும்புகிற பிள்ளை எழுதட்டும், விரும்பாத பிள்ளைக்குப் புத்தகத்தைப் பற்றி மட்டும் எழுதும் உரிமை இருக்கட்டும்.

கடைசியாகப் பதிப்பு விஷயம். ரெமார்க் நாவலுக்கு ஆங்கிலத்தில் ஏ. டபிள்யூ. வீனின் 1929 மொழிபெயர்ப்பும், பிறகு 1990-களில் வந்த பிரையன் மர்டாக்கின் மொழிபெயர்ப்பும் புழக்கத்தில் உள்ளன. வாக்கியங்களும் பக்க எண்களும் பொருந்தாது. அண்ணன் படித்த பழைய பிரதியோ ஆன்லைனில் மலிவாகக் கிடைத்ததோ வகுப்புப் பதிப்போடு ஒத்துப்போகாவிட்டால், கட்டுரையில் காட்டும் ஒவ்வொரு மேற்கோளும் தவறாகத் தெரியும். வாங்குமுன் பள்ளி கொடுத்த பட்டியலில் உள்ள ஐ.எஸ்.பி.என். எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். வேறு பிரதிதான் கையில் இருக்கிறதென்றால், பக்க எண்ணோடு அத்தியாய எண்ணையும் மொழிபெயர்ப்பாளர் பெயரையும் சேர்த்துக் குறிப்பிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உயர்நிலைப் பள்ளி ஆங்கில ஆசிரியைகள் இருவர்,
நியூ ஜெர்சி